வலிக்காத புண்ணுக்கு அஞ்சுங்கள்!

(வணிகர்கள், இளைஞர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையிலிருந்து)

 

நம் கடைத்தெருவில் சர்க்கரை நோய் எட்டிப் பார்க்காத குடும்பம் எத்தனை? இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது. மாத்திரை போடுகிறோம், டீயில் சீனியைக் குறைக்கிறோம். காலை எத்தனை பேர் பார்க்கிறோம்?

"சின்னக் காயம்தான் ஹஜ்ரத், வலியே இல்லை" என்கிறார்கள். வலி இல்லாததுதானே ஆபத்து! பல ஆண்டுகள் சர்க்கரை கூடியே இருந்தால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகின்றன. செருப்புக்குள் கிடக்கும் கல் தெரியாது. பள்ளிவாசல் முற்றத்தில் வெயில் சுடுவது தெரியாது. உணர்வுள்ளவன் நொண்டுவான், அதனால் புண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். மரத்த காலுடையவரோ அதே புண்ணை மிதித்துக்கொண்டு இரவு பத்து மணி வரை வியாபாரம் பார்க்கிறார். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையில் தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் செய்த டாக்டர் பால் பிராண்ட் 1950-களிலேயே இதை எடுத்துச் சொன்னார். பாதம் தானாக அழுகுவதில்லை. வலி தெரியாமல் மிதித்து மிதித்தே புண்ணாகிறது என்றார். மாவுக்கட்டுப் போட்டுப் பாரத்தை இறக்கினால் புண் ஆறியது. அந்த முறை சர்க்கரைப் புண்ணுக்கும் வந்தது. உள்ளங்கால் புண்ணுக்கு இன்றும் அதுவே முக்கிய வைத்தியம். செத்த சதையை மருத்துவர் அகற்றுவார், இரத்த ஓட்டத்தைச் சோதிப்பார், சீழ் வைத்திருந்தால் மருந்து தருவார். அத்தனையும் செய்துகொண்டு மறுநாள் கல்லாவில் போய் நின்றால் என்ன பயன்? மகனிடமோ தம்பியிடமோ சில வாரம் கடையை ஒப்படையுங்கள்!

காப்பித்தூள் அப்புவதும், கால் ஆணியை பிளேடால் சீவுவதும், வெந்நீரில் காலை வைப்பதும் வேண்டாம்.

ஒளுச் செய்யும்போது விரலிடுக்கைப் பாருங்கள். பிறகு துணியால் ஈரம் ஒற்றுங்கள். குனிய முடியாதவருக்குப் பிள்ளைகள் உள்ளங்காலைப் பார்த்துச் சொல்லட்டும். காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் சொல்லியும் ஐந்து வேளையும் கட்டை அவிழ்த்து நனைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மார்க்கம் அப்படிக் கேட்கவில்லை. கட்டின் மேல் மஸஹு செய்ய அனுமதி உண்டு. விவரத்தை உங்கள் இமாமிடம் கேளுங்கள்.

ஆறிய புண்ணும் திரும்பும். ஓராண்டுக்குள் நூற்றுக்கு 40 பேருக்குத் திரும்புகிறது. கால் கறுத்தாலோ, நாற்றம் எடுத்தாலோ, வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். கடை அடைக்கும் வரை காத்திருக்காதீர்கள்.