கரிக்கிறது என்றே எழுதட்டும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



கவிதைக்கென நடைபெறும் விழாவில், பள்ளி மாணவர் எழுதும் ஆய்வுக் கட்டுரையின் முதற்படியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். அந்த ஐயத்திற்கு விடை இம்மாவட்டத்து மண்ணிலேயே கிடைக்கிறது.

1863-ஆம் ஆண்டு மே மாதத்தில், இந்திய நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட் என்பவர் பல்லாவரத்துச் சரளை மண்ணில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கொற்றலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டனர். அவற்றைப் பற்றிப் பூட் எழுதிய கட்டுரை 1866-இல் அச்சேறியது. அதனை வெளியிட்டது சென்னை இலக்கியச் சங்கத்தின் சார்பில் வந்த, இலக்கியத்திற்கும் அறிவியலுக்கும் பொதுவான ஓர் இதழாகும். இந்திய மண்ணின் பழைய கற்காலத்தை உலகுக்கு எடுத்துரைத்த தொடக்கக் கட்டுரைகளுள் ஒன்றுக்கு இடமளித்தது ஓர் இலக்கிய அமைப்பே என்பது இங்கு எண்ணத்தக்கது.

அக்கருவிகளின் வயதை ஆண்டுக் கணக்கில் சொல்லப் பூட்டுக்கு அன்று வழியில்லை. கல் எங்கே கிடைத்தது, எந்த மண்ணடுக்கில் கிடந்தது, அதன் வடிவம் யாது என்பனவற்றையே அவரால் உறுதியாக எழுத இயன்றது. அத்திரம்பாக்கத்தின் மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று சாந்தி பப்பு முதலான ஆய்வாளர்கள் 2011-இல் அறிவித்தனர். இடையில் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கடந்திருந்தது. கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தமையால்தான் பின்வந்தோர் அதே இடத்திற்குச் சென்று மேலும் தோண்ட முடிந்தது. ஆய்வுக் கட்டுரையின் அடிப்படை அறம் இதுவே.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் நடைபெற்று வருகிறது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தம் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்துக்கொண்டு, தாமே ஆராய்ந்து, தம் தாய்மொழியிலேயே ஆய்வறிக்கை அளிக்க அங்கு இடமுண்டு. தமிழகத்தில் இம்முயற்சிக்குத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் தோள் கொடுத்து வந்துள்ளது. ஆகவே பள்ளிப் பிள்ளை தமிழில் ஆய்வுக் கட்டுரை எழுதுவது புதுமையன்று. அதன் முதற்படி யாருடைய சொற்களால் எழுதப்படுகிறது என்பதே இன்றைய கேள்வி.

கும்மிடிப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்த ஒரு மாணவி நிலத்தடி நீரைப் பற்றி எழுதப் புகுவதாகக் கொள்ளலாம். ‘நீர் மாசு’ என்பது தலைப்பாகுமேயன்றிக் கேள்வியாகாது. ‘எங்கள் தெருவின் பத்துக் கிணறுகளுள் எவை, எந்த மாதங்களில் கரிக்கின்றன?’ என்பது கேள்வி. அவள் வாரந்தோறும் சென்று பார்த்துக் குறிப்பேட்டில் பதிகிறாள். ‘என் மாமியார் காலத்தில் இந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகும்’ என்று ஒரு மூதாட்டி கூறியதையும் எழுதிக்கொள்கிறாள். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்ததால் கடல்நீர் உட்புகுந்தது என்பதைப் பாடநூலுக்கு வெளியே தேடிப் படிக்கிறாள். கண்டது, கேட்டது, படித்தது என மூவகைச் செய்திகள் இப்போது அவள் கையில் உள்ளன. அம்மூன்றையும் ஒன்றோடொன்று கலவாமல் பிரித்து எழுதுவதே முதற்படியின் வேலை.

அதனை முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டுவதில்லை. தான் கண்ட முடிவுகளின் அட்டவணையை முதலில் வைக்கலாம். அடுத்து, அவற்றைக் கண்ட முறையைக் கூறலாம். விளங்காத இடத்தில் ‘இது ஏன் என்று தெரியவில்லை’ என எழுதி இடம் விடலாம். மீஞ்சூருக்குச் சொல்லப்பட்ட காரணம் தன் தெருவுக்கும் பொருந்தும் என்று அவள் உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. அருகில் தொழிற்பேட்டை இருப்பதால் அதுவே காரணம் என்றும் எழுதிவிடக் கூடாது. கணக்கு அதைக் காட்ட வேண்டும். இவையெல்லாம் முடிந்த பின்னரே, எதற்கு முன்னுரை வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவரும்.

இந்நிலையில்தான் பெரியவர்கள் குறுக்கிடுகின்றனர். ‘நீரின்றி அமையாத இவ்வுலகில்’ என்று ஒருவர் தொடக்கம் எழுதித் தருகிறார். ‘கரிக்கிறது’ என்பதை அடித்துவிட்டு, ‘உவர்ப்புத் தன்மை மேலோங்கிக் காணப்படுகிறது’ என்று மற்றொருவர் திருத்துகிறார். ‘தெரியவில்லை’ என்ற வரி இழுக்கென நீக்கப்படுகிறது. இன்றோ கைப்பேசியிடம் கேட்டாலே முழுக் கட்டுரையும் நொடியில் வந்துவிடுகிறது. கட்டுரை அழகாகிவிடுகிறது; பரிசும் பெறலாம். ஆனால் எந்தக் கிணறு, எந்த மாதம் என்பது அதில் இராது. நாவில் பட்ட சுவையைச் சொல்லும் சொல் தன்னிடமே இருந்தது என்பதை அம்மாணவி மறந்துவிடுகிறாள். தன் சொல் தாழ்ந்தது என்று பன்னிரண்டு வயதில் கற்றுக்கொள்பவர், பின்னாளில் தமிழில் எழுத முன்வருவது அரிது.

கவிஞர்கள் இதை நன்கறிவர். இரவல் உவமையால் கெட்ட கவிதைகளை இவ்வட்டத்தின் கூட்டங்கள் பத்தாண்டுகளாகக் கேட்டிருக்கும். சொந்தச் சொல் எது, ஒட்டிய சொல் எது என்று பிரித்தறியும் காது கவிஞருக்கு உண்டு. அக்காதைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதே வட்டம் செய்யத்தக்க உதவி, பேனாவைக் கொடுப்பதன்று. ஒற்றுப்பிழையைக் காட்டலாம். ‘இதை நீ பார்த்தாயா, யாராவது சொன்னார்களா?’ என்று கேட்கலாம். வரியை மாற்றி எழுதித் தருவது மட்டும் ஆகாது.

பதினோராம் ஆண்டில் திங்கள்தோறும் நடைபெறும் கூட்டத்தில் அரைமணி நேரத்தை ஒரு மாணவரின் முதற்படிக்கு ஒதுக்க வட்டம் முன்வருதல் வேண்டும். அடித்தல் திருத்தல்களோடு அவர் அதைப் படிக்கட்டும்; அவையோர் கேள்வி மட்டும் கேட்கட்டும். 1866-இல் ஓர் இலக்கிய அமைப்பு கற்களைப் பற்றிய கட்டுரைக்கு இடம் தந்தது. இம்மாவட்டத்தில் இயங்கும் இவ்வட்டம் கிணறுகளைப் பற்றிய கட்டுரைக்குச் செவி தருவது தகும்.