கிரிமினல் வக்கீலின் தகுதி
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் தொழிலை அண்டிப் பிழைக்கும் நம் குடும்பங்களில், நோயென்று வந்தால் எந்த வைத்தியர் எந்த நோய்க்கு என்று விசாரியாமல் ஒருவரும் புறப்படுவதில்லை. இருதயத்துக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்பதைச் சி.எம்.சி. ஆஸ்பத்திரியின் பலகைகளே சொல்லிவிடும். ஆனால் நம் பிள்ளையொருவன் செஷன்ஸ் வழக்கில் அகப்பட்டால், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் யாரோ சொன்ன பெயரை நம்பி நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிடுகிறோம். அவர் பாகப்பிரிவினை வழக்குகளில் பேர்பெற்றவராயிருக்கலாம். கொலை வழக்கில் ஒரு சாட்சியையேனும் குறுக்கு விசாரணை செய்ததுண்டா என்று நாம் கேட்பதில்லை.

அமெரிக்காவின் டெக்ஸஸ் மாகாணத்தில் 1974ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு சபை ஏற்பட்டது. கிரிமினல் வழக்குகளில் பழகிய வக்கீல், பிற வக்கீல்களும் நீதிபதிகளும் கூறும் நற்சாட்சியோடு பரீக்ஷையிலும் தேறினால், அச்சபை தகுதிப் பத்திரம் அளிக்கிறது. ஐந்தாண்டுக்கொருமுறை அதைப் புதுப்பித்துக்கொள்ளவும் வேண்டும். நம் தேசத்தில் அத்தகைய பத்திரம் இல்லை. அன்றியும், இன்னவகை வழக்கில் தேர்ந்தவர் என்று பெயர்ப்பலகையில் எழுதுவதையே பார் கவுன்சிலின் 36ஆம் விதி தடுக்கின்றது. 2008இல் செய்த திருத்தத்தால் வக்கீல் தம் இணையதளத்தில் மட்டும் அதனைக் குறிப்பிடலாம். விளம்பரத்தால் தொழிலின் மதிப்புக் கெடலாகாது என்பது விதியின் கருத்து. கருத்து நல்லதே, ஆயினும் இருட்டில் தடவுபவர் கக்ஷிக்காரரே. சீனியர் அட்வகேட் என்னும் பட்டம் உண்டே என்பீர்கள். அது உயர்நீதிமன்றமும் உச்சநீதிமன்றமும் அளிக்கும் பொதுவான கௌரவம். கிரிமினல் விசாரணைக்கென்று அளிப்பதன்று.

இனி ஒரு வழக்கைக் கேளுங்கள். மத்தியப் பிரதேசத்தில் கண்ட்வா என்னும் ஊரில் 2013ஆம் ஆண்டில் ஓர் ஏழை வாலிபருக்குக் கோர்ட்டார் வக்கீல் நியமித்தனர். நியமித்த அன்றே குற்றச்சாட்டும் பதிவாயிற்று. கட்டுகளைப் படிக்கவும் அவகாசமில்லை. இரண்டு வாரத்துக்குள் விசாரணை முடிந்து மரண தண்டனை! 2019 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அதனை ரத்து செய்து, ஆயுள் தண்டனையோ மரண தண்டனையோ நேரக்கூடிய வழக்குகளில் இலவச உதவிக்கு அமர்த்தும் வக்கீல் குறைந்தது 10 ஆண்டு தொழில் புரிந்தவராயிருக்க வேண்டும், வழக்கை ஆராய அவருக்கு 7 நாளேனும் தரவேண்டும் என்று விதித்தது. மறுபடியும் விசாரணைகள் நடந்து, 2024இல் அவ்வாலிபர் விடுதலையானார். பதினோராண்டுகள் சென்றன.

2022இல் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு வகுத்த திட்டத்தில், மாவட்டத் தலைமை எதிர்வாத வக்கீலுக்கு 10 ஆண்டு கிரிமினல் அனுபவமும், 30 செஷன்ஸ் வழக்குகளேனும் நடத்திய பழக்கமும் வேண்டுமென்று கண்டிருக்கிறது. விந்தையைப் பாருங்கள்! காசில்லாமல் கிடைக்கும் வக்கீலுக்கு அளவுகோல் உண்டு; நகை விற்று நாம் அமர்த்தும் வக்கீலுக்கு யாதொன்றும் இல்லை. அந்த அளவுகோலை நாமே கையிலெடுத்துக்கொண்டால் என்ன? எத்தனை செஷன்ஸ் வழக்குகளை முடிவுவரை நடத்தினீர்கள், விசாரணை நாளில் தாங்களே வருவீர்களா அல்லது ஜூனியரை அனுப்புவீர்களா என்று மரியாதையாகக் கேட்பதில் குற்றமில்லை. கழிவுத்தொட்டியில் விஷவாயு தாக்கி உயிர்ச்சேதம் நேர்ந்தால் மேஸ்திரியும் வழக்கில் சிக்கக்கூடும். அங்கே டாக்டரையும் என்ஜினீயரையும் குறுக்கு விசாரணை செய்யத் தெரிந்தவர் வேண்டும்.

இலவசமென்றால் இளக்காரம் என்று நம்மவர் ஒதுங்குகின்றனர். 1987ஆம் வருஷத்துச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்டிரும், குழந்தைகளும், தொழிற்சாலைத் தொழிலாளரும், காவலில் உள்ளோரும், வேறு சிலரும் வருமானக் கணக்கின்றி இவ்வுதவிக்கு உரியவர்கள். தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். 15100 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் கேட்டால் வழி சொல்வார்கள்.