ஒரு முறை கட்டினால் போதாது: உணவுக்குழாய் இரத்தப்பெருக்கும் தொடர் சிகிச்சையும்



நலமாக நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் திடீரென இரத்த வாந்தி எடுக்கிறார். அம்புலன்ஸ் வருகிறது. வைத்தியசாலையில் இரத்தம் ஏற்றப்படுகிறது. எண்டோஸ்கோப்பி மூலம் பெருக்கு நிறுத்தப்படுகிறது. சில நாட்களில் அவர் வீடு திரும்புகிறார். கண்டம் தப்பியது என்று குடும்பத்தார் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் நீண்ட சிகிச்சையின் முதற்படி மட்டுமே அன்று முடிந்திருக்கிறது. இவ்வுரை வலியுறுத்தும் செய்தி இதுவே.

குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றின் இரத்தம் ஒரு பெரிய நாளத்தின் வழியாக ஈரலுக்குச் செல்கிறது. நெடுங்கால நோயினால் ஈரல் தழும்பேறி இறுகும் நிலையைச் சிரோசிஸ் என்பர். அப்போது இரத்தம் எளிதில் ஈரலுக்குள் புக இயலாது. அடைபட்ட வாய்க்காலின் நீர் வரப்பை மீறிப் பாய்வதுபோல, அது உணவுக்குழாயின் அடிப்பகுதியிலுள்ள மெல்லிய நாளங்களில் பாய்கிறது. அவை புடைத்து, சுவர் மெலிந்து, ஒருநாள் வெடிக்கின்றன. அதுவரை நோவு எதுவும் இராது.

மது இதற்கு ஒரு காரணம். அதுவே ஒரே காரணம் அன்று. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய தொற்றுகளும், நீரிழிவு, உடற்பருமன் ஆகியவற்றோடு வரும் ஈரல் கொழுப்பும் இந்நிலைக்கு இட்டுச் செல்லக்கூடும். ஆகவே நோயாளியைக் குடிகாரர் எனப் பழிப்பதும், அப்பழிக்கு அஞ்சி நோயை மறைப்பதும் தவறு.

புடைத்த நாளத்துக்குள் மருந்தைச் செலுத்தி அதனை இறுகச் செய்யும் முறை 1939இல் சுவீடனில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அம்முறையில் உணவுக்குழாய் புண்ணாவதும் சுருங்குவதும் உண்டு. 1980களில் அமெரிக்காவின் டென்வர் நகரில் கிரெக் ஸ்டீக்மான் குழுவினர் வேறொரு முறையைக் கொண்டுவந்தனர். எண்டோஸ்கோப்பிக் குழாயின் நுனியில் புடைத்த நாளத்தை உறிஞ்சி இழுத்து, அதன் அடியில் சிறு ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவது அம்முறை. சில நாட்களில் கட்டப்பட்ட பகுதி வாடி உதிர்ந்து, அவ்விடம் தழும்பாகிறது. 1992இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, ஊசிமருந்து முறையைவிட வளையமுறையில் பக்கவிளைவுகள் குறைவு எனக் காட்டியது. 1999இல் டெல்லியின் சிவகுமார் சரின் குழுவினர் 89 நோயாளரிடம் ஆய்வு நடத்தி, இன்னும் வெடிக்காத பெரிய நாளங்களையும் வளையமிட்டுக் காக்கலாம் என்று காட்டினர்.

எனினும் வளையம் நாளத்தைக் கட்டுகிறதேயன்றி, ஈரலின் அழுத்தத்தைக் குறைப்பதில்லை. அழுத்தம் நீடிக்கும் வரை புதிய நாளங்கள் புடைக்கும். ஒருமுறை இரத்தம் பெருகியபின் தடுப்புச் சிகிச்சை பெறாதோரில், நூற்றுக்கு ஏறத்தாழ 60 பேருக்கு ஓரிரு ஆண்டுகளுக்குள் அது மீண்டும் நேர்கிறது. இதனாலேயே வளையமிடுதல் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில், புடைப்புகள் மறையும் வரை, பலமுறை செய்யப்படுகிறது. மறைந்த பின்னரும் சில மாதங்களில் ஒரு பரிசோதனையும், பின்னர் ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை தொடர் பரிசோதனையும் தேவைப்படும். இடைவெளியை நிபுணரே தீர்மானிப்பார். அழுத்தத்தைக் குறைக்க புரொப்பிரனலோல் அல்லது கார்வெடிலோல் மாத்திரையும் வழங்கப்படும். ஆஸ்துமா உள்ளோர் அதனை முன்கூட்டியே வைத்தியரிடம் கூறவேண்டும். மாத்திரையைத் தாமாகவே நிறுத்துதல் ஆகாது.

சிகிச்சை இடையில் அறுந்துபோவதற்கான காரணங்கள் நம் சமூகத்தினர் நன்கறிந்தவையே. உடல் தேறிவிட்டது என்ற எண்ணம் ஒன்று. மாதக்கணக்கில் ஊருக்குச் செல்லும் பயணம் மற்றொன்று. பயணத்துக்கு முன் வைத்தியசாலைக்கு அறிவித்து நாளை மாற்றிக்கொள்வதும், சிகிச்சை விவரக் கடிதமொன்றை உடன் எடுத்துச் செல்வதும் நல்லது. மொழித் தடை மூன்றாவது. பிள்ளைகளை உரைபெயர்க்கச் செய்யும்போது, மது பற்றியோ மலத்தின் நிறம் பற்றியோ பெற்றோர் வாய்திறக்கத் தயங்குவர். அரச வைத்தியசாலைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். தொலைபேசியில் உரைபெயர்ப்புச் சேவையின் எண் 131 450.

வளையமிட்ட பின் வைத்தியசாலை கூறும் காலம் வரை மென்மையான உணவே உண்ணவேண்டும். மயக்கமருந்து பெற்றவர் 24 மணிநேரம் வாகனம் ஓட்டலாகாது. உடன் ஒருவர் இருத்தல் வேண்டும். உதிர்ந்த இடத்தில் புண் ஆறுமுன் சிலருக்கு இரத்தம் கசியக்கூடும். ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை வைத்தியரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது. இரத்த வாந்தி, தார் போன்ற கறுத்த மலம், தலைசுற்றல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 000 எண்ணை அழைக்கவேண்டும். விடியும் வரை காத்திருத்தல் உயிருக்கு ஆபத்து.

மூலநோயைக் கவனிப்பது இவை அனைத்திலும் முதன்மையானது. ஹெபடைடிஸ் சி தொற்றைக் குணப்படுத்தும் புதிய மாத்திரைகள் 2016 மார்ச் முதல் அவுஸ்திரேலிய அரசின் மருந்துச் சலுகைத் திட்டத்தின் கீழ் கிடைக்கின்றன. ஹெபடைடிஸ் பி தொற்றை மருந்தால் அடக்கிவைக்கலாம். வராமல் தடுக்கத் தடுப்பூசி உண்டு. மதுவை அறவே விடுத்தவர்களில் ஈரலின் அழுத்தம் தணிவதும் காணப்படுகிறது. தொற்று உள்ளதா என்பதைக் குடும்ப வைத்தியரிடம் எளிய இரத்தப் பரிசோதனை ஒன்றால் அறிந்துகொள்ளலாம்.

அடுத்த பரிசோதனை நாளை நாட்காட்டியில் குறித்து, வீட்டார் யாவரும் அறியச் செய்தல் சிறு செயலே. ஆயினும், ஒரு குடும்பம் தன் உறவைக் காப்பதற்கு அது பெருந்துணை புரியும்.