பிள்ளையைப் பார்க்கிற கூலியை யார் கொடுப்பது?

தாய்மார்களே, தறிக்கூடத்திலிருந்தும் பனியன் கம்பெனியிலிருந்தும் வேலை முடிந்த கையோடு வந்திருக்கிற தோழர்களே!

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் முதலில் யாருக்குப் பிரித்துக் கொடுக்கிறீர்கள்? வாரம் முழுக்க உங்கள் பிள்ளையை வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு. அதை நிறுத்தினால் திங்கட்கிழமை நீங்கள் மிஷினில் உட்கார முடியாது. அந்த அக்காவும் வாய்க்காதவர்கள் பிள்ளையைத் தேனியிலோ திண்டுக்கல்லிலோ அம்மாச்சியிடம் விட்டுவிட்டு, போனில் முகம் பார்க்கிறார்கள். ஒடிசாவிலிருந்து வந்த தங்கச்சிக்கு இங்கே அம்மாச்சியும் இல்லை, அக்காவும் இல்லை. ஏழெட்டு வயது மூத்தது பள்ளிக்கூடம் போகாமல் இளையதை இடுப்பில் வைத்திருக்கிறது. 2024-25இல் திருப்பூரிலிருந்து ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதியானதே, அதற்குள் இந்தப் பிள்ளைகளின் கணக்கும் இருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், 1976இல் செய்த திருத்தத்தின்படி, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதியிருந்தது. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள். ஐம்பது பேர் இருந்தால் காப்பகம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே ஐம்பதுதான்.

அருள்புரத்துக்கும் சின்னக்கரைக்கும் போய்ப் பாருங்கள். ஜாப் ஒர்க் கம்பெனியில் இருபது மிஷின் ஓடும், முப்பது ஓடும். காரணம்பேட்டைப் பக்கம் தறிக்கூடத்தில் நாலு பேர் நிற்பார்கள். இவர்களில் யாரைத் தொடுகிறது அந்த ஐம்பது? பெரிய கம்பெனியில் அறை உண்டு. பையர் ஆடிட் வருகிற அன்று பொம்மையும் பாயும் வரும், ஆடிட் முடிந்ததும் அதே அறையில் அட்டைப்பெட்டி அடுக்குவார்கள். கண்ணால் பார்த்தவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். நல்ல ஏற்பாடு, அந்த ஊழியர்களைக் கும்பிடலாம். ஆனால் இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு அங்கிருந்து சத்துமாவு பாக்கெட் வீட்டுக்கு வரும், பிள்ளை அங்கே இருக்க முடியாது. பெரிய பிள்ளைக்கும் சாயங்கால டீ பிரேக்குக்கு முன்னாலேயே கதவு பூட்டியாகிவிடும். ஒன்றரை ஷிப்ட் முடித்து ராத்திரி எட்டரைக்கு வருகிற தாய் என்ன செய்வாள்?

முதலாளிகளை மட்டும் திட்டிவிட்டு இறங்க நான் மேடை ஏறவில்லை. 2017 சட்டம் காப்பகச் செலவு முழுவதையும் வேலை கொடுக்கிறவர் தலையில் வைத்தது. முப்பது மிஷின் வைத்திருப்பவர் தலையிலும் அதை அப்படியே வைத்தால் அவர் என்ன செய்வார்? கைக்குழந்தைக்காரியை வேலைக்கே எடுக்க மாட்டார். பிரசவ விடுப்புக்கு இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தோம்? இ.எஸ்.ஐ.யில். முதலாளி சம்பளத்தில் 3.25 சதவீதம், தொழிலாளி 0.75 சதவீதம். எல்லோரும் போட்ட பணத்திலிருந்து 26 வாரச் சம்பளம் போகிறது. யார் கம்பெனியில் யார் பிள்ளை பெற்றாலும் அந்த ஒரு முதலாளிக்குத் தனிச் சுமை இல்லை. இருபத்தேழாவது வாரம் அந்தப் பிள்ளை எங்கே போகும் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மாநில அரசு ஊழியருக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு மகப்பேறு விடுப்பு. மனதார வரவேற்கிறோம். ஆனால் பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறவளுக்கு, கணக்கில் பெயரே இல்லாததால், அந்த 26 வாரம்கூடக் கிடைப்பதில்லை.

ஆட்சியாளர்களே, அரசிடம் பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். மிஷின் வாங்க 1999 முதல் தொழில்நுட்ப மேம்பாட்டு நிதி கொடுத்தீர்கள். 2016இல் அதைத் திருத்தியபோது ஆடைத் தொழிலுக்கு 15 சதவீத முதலீட்டு மானியம், 30 கோடி வரை. விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023இல் 1,000 யூனிட் ஆனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது ஏற்றுமதியாளர்கள் அரசிடம் கை நீட்டினார்கள். எல்லாம் நியாயம், நானும் ஆதரித்தவன். தறிக்கு மின்சாரம் வேண்டும் என்றால், தறி ஓட்டுகிறவள் நிம்மதியாக நிற்பதற்கும் ஏதாவது வேண்டும் அல்லவா?

செலவு கூடினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்கிறார்கள். அந்த வங்கதேசத்தின் 2006 தொழிலாளர் சட்டமே நாற்பது பெண்கள் இருந்தால் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்கிறது. நம் ஈழத்து உறவுகள் வாழ்கிற மொன்றியால் இருக்கிறதே, அந்த நகரம் உள்ள கனடாவின் கியூபெக் மாநிலம் 1997இல் நாளைக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பகம் கொடுக்க ஆரம்பித்தது. மீதிச் செலவை அரசு ஏற்றது. வேலைக்குப் போகும் தாய்மார் கூடினார்களே தவிரக் குறையவில்லை.

அதனால் கேட்கிறோம். ஆறு வயதுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவி. மகளிர் உரிமைத் தொகை வேறு, இது வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுக்கக் கூடாது. பீஸ் ரேட், ஜாப் ஒர்க், வெளிமாநிலம் என்று பிரிக்காமல் எல்லாத் தாய்க்கும் கிடைக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மாதிரியே பொது நிதி: ஏற்றுமதியாளர் ஒரு பங்கு, மாநிலம் ஒரு பங்கு, மத்திய அரசு ஒரு பங்கு. 2022இல் ‘பால்னா’ என்று காப்பகத் திட்டம் அறிவித்து, 60க்கு 40 என்று மாநிலத்தோடு செலவைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்த மத்திய அரசு அதைப் பல்லடத்து வீதிகளில் காட்டட்டும். அங்கன்வாடி ராத்திரி ஒன்பது வரை திறந்திருக்க வேண்டும், அதற்கு இரண்டாவது ஊழியரைப் போட வேண்டும். இருக்கிற ஊழியர் முதுகில் ஏற்றினால் அதை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுத்து, அவரையும் தொழிலாளி என்று பதிவு செய்ய வேண்டும்.

1984இல் பஞ்சப்படிக்காகத் திருப்பூர் 127 நாள் மிஷினை நிறுத்தியது. உங்கள் அம்மாக்கள் அதில் நின்றவர்கள். நாம் இப்போது கேட்பது ஒரு நாள்தான். திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீஸ் பல்லடம் ரோட்டில்தான் இருக்கிறது, பத்து மணிக்கு அங்கே கூடுவோம். ஆதார் நகல், பிள்ளையின் பிறப்புச் சான்று, வாரக்கூலிச் சீட்டு இருந்தால் அதுவும் கொண்டுவாருங்கள். பிள்ளையை விட இடமில்லை என்றால் பிள்ளையோடு வாருங்கள்.