குப்பைமேட்டின் புகையும் நம் பிள்ளைகளின் வினாவும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையிலே குப்பையைப் பற்றியா பேசுவது என்று சிலர் எண்ணக்கூடும். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளுள் ஒன்று, குப்பைக் கிடங்கின் சுற்றுச்சுவரை ஒட்டிய தெருவில் நடைபெறுகின்றது. அங்குப் பயிலும் பிள்ளைகளின் பெற்றோருள் பலர் அக்கிடங்கை நம்பியே பிழைப்பவர்கள். ஆதலின் இப்பொருளை நாம் தேடிச் செல்லவில்லை. அதுவே சாளரத்தின் வழியாக வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

சென்ற கோடையில் மேடு தீப்பற்றி எரிந்தபோது ஒரு சிறுமி எழுந்து நின்று கேட்டாள்: "குப்பை பொறுக்குறவங்கதான் கொளுத்திட்டாங்கன்னு சொல்றாங்களே, எங்க அம்மாவா சார் கொளுத்தினாங்க?" எங்களால் உடனே விடை கூற இயலவில்லை. பின்னர்த் தேடிப் படித்தவற்றையே இங்குக் கூறுகின்றோம்.

சாண எரிவாயுக் கலனை நாம் அறிவோம். காற்றுப் புகாத இடத்தில் சாணம் மட்கும்போது எரிவாயு உண்டாகின்றது. குப்பைமேட்டின் வயிற்றில் நிகழ்வதும் அதுவே. பழஞ்சோறும் காய்கறிக் கழிவும் வாழையிலையும் மேன்மேலும் கொட்டி அமுக்கப்படுங்கால், உள்ளிருக்கும் உயிர்வளி தீர்ந்துவிடுகின்றது. உயிர்வளியின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதன்பின் பெருகி வாயுவை வெளிவிடுகின்றன. அதில் ஏறத்தாழப் பாதி மீத்தேன். எஞ்சியதிற் பெரும்பகுதி கரியமில வாயு. மீத்தேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருப்பின் ஒரு பொறியே வெடிப்பதற்குப் போதும். அதற்கு மணமும் இல்லை. நாறுவன வேறு வாயுக்கள். அவற்றுள் ஹைட்ரஜன் சல்பைடு காற்றினும் கனமானது. பள்ளங்களில் தங்கி, மூக்கையும் மரத்துப்போகச் செய்வது. "பழகிப்போச்சு, நாத்தமே தெரியல" என்று நம் தாய்மார்கள் கூறுவதை நலத்தின் அடையாளமாகக் கொள்ளலாகாது.

இவ்வாயு மேட்டோடு நிற்பதுமில்லை. இங்கிலாந்தில் லோஸ்கோ என்னும் சிற்றூரில், 1986 மார்ச்சில், குப்பைக் குழியிலிருந்து மண்ணுக்கடியே கசிந்து வந்த வாயு ஒரு வீட்டையே தகர்த்தது. நம் சென்னைப் பெருங்குடியில் 2022 ஏப்ரலிலும், கொச்சியின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சிலும் மூண்ட தீ நாட்கணக்கில் அணையவில்லை.

மின்கம்பியின் உறையை எரித்துச் செம்பெடுப்போர் சிலர் உண்டு; அதனை மறைப்பதற்கில்லை. காற்று உட்புகுந்த இடத்தில் குப்பை தானே சூடேறிக் கனன்றெழுவதும் உண்டு. பொறி எதுவாயினும், மலையளவு குப்பை நாட்கணக்கில் எரிய வேண்டுமாயின், உள்ளே வாயுவும் மேலே மூடப்படாத குப்பையும் இருந்தாக வேண்டும். அவற்றை அச்சிறுமியின் தாய் அங்கே வைக்கவில்லை.

மூடவேண்டியவர் யார்? 2000-ஆம் ஆண்டு விதிகளிலேயே எழுதப்பட்டுள்ளது. 2016-ஆம் ஆண்டு விதிகளும் அதையே கூறின. அன்றாட வேலை முடிவில் குறைந்தது 10 செ.மீ. மண்ணோ கட்டட இடிபாடோ பரப்பவேண்டும். மழைக்காலத்திற்கு முன் 40 முதல் 65 செ.மீ. வரை மூடவேண்டும். இந்த எளிய மண்போர்வை காற்றை உட்புகவிடாது தடுக்கும், மழைநீரைக் குறைக்கும், நம் தெருக்களிலும் சாக்கடைகளிலும் பறந்து வந்து அடைத்துக்கொள்ளும் பிளாஸ்டிக் பைகளையும் பிடித்து நிறுத்தும். காற்று வீசும் பக்கத்தில் வலைவேலியும் லாரிகளுக்குத் தார்ப்பாயும் பெருஞ்செலவு பிடிப்பவையல்ல. வாயுவைத் துளையிட்ட குழாய்கள் வழியே இழுத்து எரித்துவிடலாம். போதிய அளவு கிடைத்தால் மின்சாரமும் எடுக்கலாம். எரிப்பது தீங்கன்றோ என வினவலாம். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்கிற்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் மீத்தேனை அப்படியே விடுதல் அதனினும் தீங்கு. எல்லாவற்றிற்கும் முன்னதாக, ஈரக் குப்பை வீட்டிலேயே பிரிக்கப்படுமாயின் வாயு பிறக்கும் வழியே குறையும்.

பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மேற்கொள்ளப்பட்டுள்ளது. தோண்டுமிடத்தில் வாயு வெளிப்படும். அங்கு நிற்பவர் யார் என்பதை இந்த அவையில் விளக்க வேண்டா. துப்புரவுப் பணியாளர் என்ற பெயர் தூய்மைப் பணியாளர் என்று மாறிவிட்டது. முகக்கவசமும் கையுறையும் வாயு அளக்கும் கருவியும் பெயரோடு சேர்ந்து வந்திருக்கலாம்.

இவற்றையெல்லாம் மாலை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக் காட்டினோம். நாள்தோறும் மண் மூடவும், வலைவேலி அமைக்கவும், பிரிக்கும் கூடங்களில் குப்பை பொறுக்குவோர்க்கே முதலில் வேலை தரவும் வேண்டி ஒரு விண்ணப்பம் எழுதப்பட்டுள்ளது. எழுதியவர்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள். முதற் கையெழுத்து அச்சிறுமியின் தாயாருடையது. நம் முதியோர் வகுப்பில் பயின்ற கையெழுத்து. கூட்டம் முடிந்ததும் அது வாயிலருகே மேசைமீது இருக்கும்.