3,926 பக்கங்களில் ஒரு பதில்



கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவின் கிழக்குக் கரையில் கிளைட் ரிவர் என்று ஓர் ஊர். ஏறக்குறைய ஆயிரம் பேர், பெரும்பாலும் இனுயிட் மக்கள். கடைச் சாமான் விமானத்திலோ கோடைக் கப்பலிலோ வந்து சேர வேண்டும். அதனால் வீட்டுச் சாப்பாட்டுக்குக் கடலைத்தான் நம்பியிருக்கிறார்கள்: சீல், நார்வால் திமிங்கிலம். அந்த வேட்டை உரிமையை, கனடா அரசோடு இனுயிட் மக்கள் செய்துகொண்ட 1993ஆம் ஆண்டு நுனாவுட் ஒப்பந்தம் அவர்களுக்கு எழுதியே கொடுத்திருக்கிறது.

அந்தக் கடலடியில் எண்ணெய் இருக்கிறதா என்று ஐந்தாண்டு ஆய்வு நடத்த 2011இல் சில நிறுவனங்கள் அனுமதி கேட்டன. கப்பல் காற்றுத் துப்பாக்கிகளை இழுத்துக்கொண்டு போகும். அவை தண்ணீருக்குள் வெடிச்சத்தம் எழுப்பும். திரும்பி வரும் ஒலியை வைத்துக் கடலடியைக் கணிப்பார்கள். நார்வாலோ காதை நம்பி வாழும் உயிர். 2013இல் ஊர்க்கூட்டங்களில் மக்கள் கேட்டார்கள்: இந்தச் சத்தம் எங்கள் கடல் உயிர்களை என்ன செய்யும்? வந்திருந்த நிறுவனத்தாரால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை.

சில மாதம் கழித்துப் பதில் வந்தது, 3,926 பக்கங்களில். இனுக்டிடூட் மொழியில் பெயர்த்திருந்தது அதில் சொற்பம். இணையத்தில் ஏற்றியிருந்தார்கள்; அங்கே அப்போதிருந்த இணைய வேகத்தில் அத்தனை பெரிய கோப்பைப் பலரால் இறக்கவே முடிந்திருக்காது. பனியில் வேட்டைக்குப் போகிற மனிதர் இதை எங்கே திறப்பது, எப்படிப் படிப்பது? எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது. வாய்விட்டுக் கேட்டவருக்கு வாய்விட்டுச் சொல்வதல்லவா மரியாதை!

தேசிய எரிசக்தி வாரியம் 2014இல் அனுமதி கொடுத்துவிட்டது. ஊர் வழக்குக்குப் போனது. கீழ் நீதிமன்றத்தில் தோற்று, 2017 ஜூலை 26 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒருமனதான தீர்ப்புடன் வென்றது. இத்தகைய முடிவுக்கு முன் மக்களோடு தான் செய்ய வேண்டிய கலந்தாலோசனையாக வாரியத்தின் விசாரணையையே அரசு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதை மக்களிடம் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றது நீதிமன்றம். இன்னொன்றும் சொன்னது, முக்கியமானது: சுற்றுச்சூழலுக்குப் பெரிய கெடுதல் வராது என்று வாரியம் பார்த்ததே தவிர, இந்த மக்களின் வேட்டை உரிமை என்னவாகும் என்று பார்க்கவில்லை. கடலில் திமிங்கிலம் உயிரோடு இருக்கும். ஆனால் வழி மாறிப் போய்விட்டால் இவர்கள் பாத்திரத்துக்கு என்ன வரும்?

அதே நாளில் இன்னொரு தீர்ப்பும் வந்தது. ஒன்டாரியோவில் எண்ணெய்க் குழாய்த் திட்டம் ஒன்றை எதிர்த்த சிப்பெவா பூர்வகுடி மக்கள் தோற்றார்கள். ஆலோசனை கேட்பது திட்டத்தைத் தடுக்கும் அதிகாரத்தைக் கொடுப்பதாகாது என்றது நீதிமன்றம். ஆனால் அங்கே விசாரணையில் பங்கெடுக்கப் பணம் கொடுத்தார்கள், அவர்கள் நேரில் பேசியதைக் கேட்டார்கள், அவர்கள் உரிமையை எடைபோட்டுக் காரணம் எழுதினார்கள். கிளைட் ரிவருக்கு அந்தப் பணமும் கிடைக்கவில்லை, நேர் விசாரணையும் நடக்கவில்லை. அதனால் வாரியம் அங்கே கொடுத்த ஆய்வு அனுமதி ரத்தானது.