பேருந்தில் எழுதிய பெயர்



நாம் இழந்த தோழரின் நினைவாக மரக்காணத்தில் கூடியிருக்கிறோம். இறந்தவரின் பெயரைச் சொல்வது மற்றவர்களுக்குச் சடங்காக இருக்கலாம். நமக்கு அது போராட்டம். அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

1799 செப்டம்பர் 5 அன்று மேஜர் பானர்மேன் தலைமையில் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியது. அன்றைய தாக்குதலைக் கோட்டைக்குள் இருந்தவர்கள் முறியடித்தார்கள். கட்டபொம்மன் பாடப்புத்தகத்தில் இருக்கிறார், சினிமாவில் இருக்கிறார். அவருடைய தளபதி, கவர்னகிரி சுந்தரலிங்கம் எங்கே இருக்கிறார்? அவரும் வடிவும் கும்பினியின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்துத் தாங்களும் மடிந்தார்கள் என்று மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். பானர்மேனின் கடிதங்களுக்கு ஆவணக் காப்பகம் உண்டு. சுந்தரலிங்கத்துக்கு மக்களின் வாய்தான் காப்பகம். "ஆதாரம் எங்கே?" என்று நம்மிடம் கேட்பவர்கள், அன்று எழுத்து யார் கையில் இருந்தது என்று கேட்பதில்லை.

1997-ல் விருதுநகர் வட்டாரப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டியது. அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. உயிர்கள் போயின. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. நெல்லை கட்டபொம்மன் மாவட்டமும் திருநெல்வேலி மாவட்டம் ஆயிற்று. தலித் தளபதியின் பெயரைத் தாங்க முடியாத சமூகம், அவருடைய அரசனின் பெயரையும் சேர்த்தே இழந்தது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய கதை அல்ல. அமெரிக்காவின் லகோட்டா மக்களைப் பாருங்கள். பிளாக் ஹில்ஸ் மலைகள் அவர்களுக்கே என்று 1868-ல் அரசு ஒப்பந்தம் போட்டது. 1874-ல் அங்கே தங்கம் தென்பட்டதும் ஒப்பந்தம் வெறும் தாளாயிற்று. 1876 ஜூன் 25 அன்று லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில், கஸ்டரோடு வந்த குதிரைப்படையை லகோட்டா, செயென், அரபஹோ மக்கள் சேர்ந்து அழித்தார்கள். சிட்டிங் புல் அவர்களைத் திரட்டியவர். கிரேஸி ஹார்ஸ் களத்தில் முன்னின்றவர். ஆனால் அந்த இடத்துக்குத் தோற்ற கஸ்டரின் பெயரைத்தான் வைத்தார்கள். 1991-ல்தான் அதை நீக்கினார்கள். மாண்ட சிப்பாய்களுக்கு 1890-லேயே வெள்ளைப் பளிங்குக் கல் நட்டார்கள். மாண்ட பூர்வகுடி வீரர்களுக்குச் சிவப்புக் கல் வர 1999 ஆயிற்று.

அதற்கு எட்டு நாள் முன்பு ரோஸ்பட் ஓடைக்கரையில் ஒரு சண்டை நடந்தது. அரசு அதை ஓடையின் பெயரால் குறிக்கிறது. செயென் மக்களோ, 'பெண் தன் உடன்பிறந்தவனைக் காப்பாற்றிய சண்டை' என்கிறார்கள். குண்டுகளுக்கு நடுவே குதிரையில் பாய்ந்துபோய் அவனை மீட்டவள் பஃபலோ காஃப் ரோடு என்ற பெண். வடிவை நாம் நினைப்பதுபோல் அவளை அவர்கள் நினைக்கிறார்கள்.

கஸ்டருக்கு வழிகாட்டியவர்கள் குரோ, அரிக்கரா பூர்வகுடிகள். கும்பினியின் மதராஸ் படையிலும் பறையர் சிப்பாய்கள் இருந்தார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மனிதனாக மதிக்காத ஊரைவிட்டு, துப்பாக்கியும் சம்பளமும் தந்த இடத்துக்குப் போனவர்களைத் துரோகி என்று சொல்ல அந்த ஊருக்கு என்ன உரிமை?

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் உண்டு. சுந்தரலிங்கம் தேவேந்திரர்களுக்கு, புலித்தேவனின் தளபதி ஒண்டிவீரன் அருந்ததியர்களுக்கு, ரெட்டைமலை சீனிவாசன் பறையர்களுக்கு என்று சுவரொட்டிகளைப் பங்கு போட்டுக்கொண்டோமே, ஏன்? லிட்டில் பிக்ஹார்னில் வென்றது ஒரு தனித் தலைவர் அல்ல. வேறு வேறு மொழி பேசிய மக்கள் ஒரே ஆற்றங்கரையில் கூடாரம் அடித்தார்கள். அதனால் வென்றார்கள்.

2013 ஏப்ரல் 25 அன்று இதே கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நம் வீடுகள் எரிந்தன. பல செய்திகளில் அது 'மோதல்' ஆயிற்று. எரித்தவரையும் எரிந்தவரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டார்கள். பெயர் வைக்கும் உரிமை நம்மிடம் இல்லாவிட்டால் நடப்பது இதுதான்.

உப்பு மூட்டையில் வியாபாரியின் பெயர் இருக்கும். பாத்தியில் நின்று உப்பு வாரியவளின் பெயர் இருக்காது. மாணவர்களே, விடுமுறையில் ஒரு நோட்டோடு உப்பளத்துக்கு வாருங்கள். கூலி கேட்டு நின்ற நாளில் முன்னால் நின்றவள் யார், வீடு எரிந்த இரவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடியவள் யார் என்று கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பெயரோடு எழுதுங்கள். சாதி பார்த்துப் பக்கம் பிரிக்காதீர்கள்.

நாளைக்கும் ஒருவர் "ஆதாரம் எங்கே?" என்று கேட்பார். அப்போது அந்த நோட்டு நம் கையில் இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.